கயிற்றுக்கு வெளியே: பேக்கன்ட்ரி ஸ்கீயிங்கும் புதைந்து கிடக்கும் பனி அடுக்கும்

ஸ்கீ ரிசார்ட்டின் எல்லைக் கயிற்றுக்கு உள்ளே, லிஃப்ட் ஓடத் தொடங்குமுன்பே ஊழியர்கள் வெடி வைத்து, விழக்கூடிய பனியை விழவைத்துவிடுகிறார்கள். பிறகு நாள் முழுக்க நூற்றுக்கணக்கானோர் சறுக்கிச் சறுக்கி அடுக்குகளை மிதித்து இறுக்குகிறார்கள். கயிற்றுக்கு வெளியே, அதாவது பேக்கன்ட்ரி என்று சொல்லப்படும் பராமரிக்கப்படாத மலையில், இந்த இரண்டுமே நடப்பதில்லை. கண்ணுக்கு அதே மலை, அதே வெண்மை. ஆனால் பருவத்தின் முதல் பனி எப்படி விழுந்ததோ அப்படியே அடியில் படுத்திருக்கிறது. அதற்குப் பின் வந்தவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அதன்மேல் ஏறியிருக்கின்றன.

பேக்கன்ட்ரி விபத்துகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: பனிச்சரிவில் சிக்கி இறப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரைக் கொன்ற சரிவு, அவர்களாலோ அவர்கள் குழுவைச் சேர்ந்த ஒருவராலோ கிளப்பப்பட்டது. ஒருவர் ஒரு சாய்வில் கால் வைக்க முடிவு செய்தார். அந்தச் சாய்வு உடைந்தது. முடிவு நம் கையில் இருக்கிறது என்பதால்தான் இதைப் படிப்பதற்கும் பழகுவதற்கும் பொருள் இருக்கிறது.

பாளமும் நலிந்த அடுக்கும்

பனிச்சரிவில் ஒரு வகை, ஒரு புள்ளியில் தொடங்கி உதிரிப்பனியாக விசிறிபோல் விரிந்து இறங்குவது. அது பெரும்பாலும் சிறியது. பாறை விளிம்புக்கு மேலே நிற்காதவரை உயிருக்கு ஆபத்தாவது குறைவு. ஆளைக் கொல்வது மற்றது, பாளச் சரிவு. துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பலகைபோல் ஆன பனி, தனக்கு அடியில் உள்ள நலிந்த அடுக்கின்மேல் கிடக்கிறது. அந்த நலிந்த அடுக்கு சில சமயம் ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது.

ஸ்கீயில் நிற்பவரின் எடை பாளத்தின் வழியே கீழே இறங்கி நலிந்த அடுக்கில் ஓரிடத்தை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் விரிசல் விழுகிறது. சிறிதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். சில பத்து சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு யாருடைய எடையும் தேவையில்லை. பாளம் தன் எடையாலேயே விரிசலை நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். சாய்வு அடியில் அறுபட்ட பிறகுதான் மேல்விளிம்பு உடைகிறது. அந்த உடைப்பு பெரும்பாலும் ஆளுக்கு மேலே விழுகிறது. அதாவது, தெரியவரும்போது அவர் நகரும் பாளத்தின் நடுவில் நிற்கிறார். காய்ந்த பாளம் சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். பக்கவாட்டில் சறுக்கித் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

புதுப் பனிக்குள்ளேயே உருவாகும் நலிவு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். புயல் ஓய்ந்த முதல் 24 மணி முதல் 48 மணி நேரம் வரை விலகியிருக்கச் சொல்வது அதனால்தான். ஆறாமல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவை வேறு. அவற்றில் இரண்டைக் கட்டாயம் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது சர்க்கரைப் பனி. தரையை ஒட்டிய பனியின் வெப்பநிலை பெரும்பாலும் 0 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். மேற்பரப்பு வெளிக்குளிரைப் பின்பற்றும். இந்த வேறுபாடு 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நீராவி கீழிருந்து மேலே வேகமாக நகர்ந்து, துகள்கள் கூர்முனையும் தட்டைப் பட்டைகளும் கொண்டவையாக மாறிவிடுகின்றன. அவற்றுக்கிடையே பிடிப்பு இருக்காது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் சர்க்கரைபோல வழியும். உருண்டை பிடிக்கவே வராது.

கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரி. பனியின் மொத்த ஆழம் 50 சென்டிமீட்டர் என்றால், 10 சென்டிமீட்டருக்கு 3 டிகிரி: வரம்பைப்போல் மூன்று மடங்கு. அதே குளிரில் ஆழம் 200 சென்டிமீட்டர் என்றால் 0.75 டிகிரிதான், துகள்கள் உருண்டையாகி மெல்ல ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். ஆகவே பனி குறைவாக விழுந்த பருவம் ஆபத்து குறைவான பருவம் என்று எண்ணுவது தவறு. தொடக்கத்தில் கொஞ்சம் பனி, பிறகு நீண்ட குளிர், அதன்மேல் பெரிய புயல் என்பதுதான் மிக மோசமான வரிசை. ஒரே சாய்விலும் இதே விதிதான். பாறைகளைச் சுற்றி, மேடுகளின்மேல், பனி மெலிந்த இடங்களில் நலிந்த அடுக்கு வளர்ந்திருக்கும். பாளமும் அங்கே மெல்லியதாக இருப்பதால் ஆளின் எடை எளிதில் அதை எட்டும். ஆழமான நடுப்பகுதியில் பத்துப் பேர் சறுக்கிப் போயிருப்பார்கள். பதினோராவது ஆள் பாறை ஓரத்தில் திரும்பும்போது முழுச் சாய்வும் இறங்கும்.

இரண்டாவது, உறைபனிப் பூ. தெளிந்த வானம், காற்று வீசாத இரவு, காற்றில் ஈரப்பதம்: இவை கூடினால் வெப்பமான ஊர்களில் புல்லின்மேல் பனித்துளி படிவதுபோல் இங்கே மேற்பரப்பில் இறகு வடிவப் படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் மின்னும். அதன்மேல் சறுக்கும்போது சலசலவென்று ஒலிக்கும். அந்த நிலையில் அதனால் தீங்கில்லை. காற்று வீசினாலோ வெயில் உறைத்தாலோ அழிந்தும்விடும். ஆனால் அது அழியும் முன்பே அமைதியாகப் புதுப் பனி விழுந்து மூடிவிட்டால், நிற்கவைத்த சீட்டுக்கட்டு அட்டைகள்போல அப்படியே புதைந்து நிற்கும். காற்று அடிக்கும் முகட்டில் இருக்காது, அதற்குக் கீழே ஒதுக்குப்புறமான திறந்தவெளியில் இருக்கும். முகட்டில் தோண்டிப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று இறங்கி, நடுச்சாய்வில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஆழமாகப் புதைந்த சர்க்கரைப் பனி என்ன செய்யும் என்பதற்கு, அமெரிக்காவின் கொலராடோவில் லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே 2013 ஏப்ரல் 20 அன்று நடந்ததைப் பார்க்கலாம். ஆறு பேர் பெரிய சாய்வின் மேல் ஏறவில்லை. அதன் அடிவாரத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். கீழே அவர்கள் எடையில் நசுங்கிய அடுக்கிலிருந்து விரிசல் மேல்நோக்கி ஓடி, மேலிருந்த பாளம் உடைந்து ஆறு பேர்மேலும் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். நாள்காட்டியில் வசந்தம் வந்துவிட்டது. அடியிலிருந்த அடுக்கு குளிர்காலத்தின் தொடக்கத்தில் உருவானது.

காற்றும் வெயிலும்

வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து ஒரு சாய்வில் குவிக்கும். வானம் நீலமாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். முகட்டிலிருந்து வெண்புகைபோல் பனி பறந்தால், அந்தப் புகை இறங்கும் பக்கம் பாளம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காற்று அடிக்கும் பக்கத்தில் பனி அரிக்கப்பட்டு வரிவரியாக, கடினமாக இருக்கும். மறைவுப்பக்கத்தில் வழவழப்பாக, மெத்தைபோல் புடைத்து நிற்கும். ஸ்கீ முனையால் தட்டினால் பறை தட்டியதுபோல் வெற்றொலி கேட்டால் கவனம் தேவை.

முகட்டின் விளிம்பில் காற்று கட்டும் கார்னிஸ் என்ற பனிக்கூரை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அது உடையும்போது நுனியில் உடைவதில்லை. பாறைத்தரை என்று நம்பி நிற்கும் இடத்துக்குப் பின்னால் உடையும். எட்டிப் பார்க்கும் ஆசையில் நடப்பதற்கு முன், பக்கவாட்டில் ஓரிடத்திலிருந்து அதன் வடிவத்தைப் பார்த்துவிட வேண்டும்.

வெயில் விஷயம் எளிது. கால் கணுக்கால் வரை ஈரப்பனியில் புதைந்தால், சாய்வில் உருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தால், இரவில் உறையாமல் மேற்பரப்பு மிருதுவாகவே விடிந்தால், திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. வசந்தகாலப் பயணத்தை இருட்டிலேயே தொடங்கி, முற்பகலுக்குள் இறங்கிவிடுவது வழக்கம். காய்ந்த பனியின்மேல் விழும் முதல் மழை இன்னும் மோசம். எடையும் கூடுகிறது, பிணைப்பும் அறுகிறது, சில நிமிடங்களிலேயே சரிவுகள் தொடங்கிவிடும்.

முன்னறிவிப்பை வாசிப்பது

பனியை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளுயோக்கில் 1936-லேயே நிலையம் அமைத்தார்கள். இன்று ஆல்ப்ஸ் மலை நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலம் முழுவதும் பனிச்சரிவு ஆபத்து பற்றிய முன்னறிவிப்பு வெளியாகிறது. ஐரோப்பா 1993 முதல் ஒரே ஐந்துநிலை அளவைப் பயன்படுத்துகிறது: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். வட அமெரிக்காவிலும் ஐந்து நிலைகள்தான்; ஐந்தாவதன் பெயர் மட்டும் மாறும்.

பலர் இதை மதிப்பெண்போல் வாசித்து, 3 என்றால் 'நடுத்தரம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது ஆபத்தான வாசிப்பு. ஒவ்வொரு படியிலும் ஆபத்து ஒன்று கூடுவதில்லை, பெருகுகிறது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3-ஆம் நிலையில்தான் நடக்கிறது. 4, 5 என்றால் மலையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொட்டும். மக்களும் வீட்டில் இருப்பார்கள். 3-ல் வானம் திறந்திருக்கும், புதுப் பனி மிருதுவாக இருக்கும், எல்லோருக்கும் போக ஆசை. அன்று ஒரேயொரு ஆளின் எடையே சரிவைக் கிளப்பப் போதும் என்பதுதான் 3-இன் பொருள்.

எண்ணைவிட முக்கியமானது அதற்குக் கீழே எழுதியிருப்பது: எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசையைப் பார்த்த சாய்வுகளில், எந்த வகைச் சிக்கல். 'வடக்கும் கிழக்கும் பார்த்த சாய்வுகள், 2200 மீட்டருக்கு மேல், நிலைத்துநிற்கும் நலிந்த அடுக்கு' என்று எழுதியிருந்தால், அன்றைய பாதையை அந்த மூன்றுக்கும் வெளியே வரைந்துவிடலாம். வகையும் முக்கியம். காற்றுப் பாளம் என்றால் கண்ணால் பார்த்து ஒதுங்கிப் போகலாம். நிலைத்துநிற்கும் நலிந்த அடுக்கு என்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்போது முழுச் சாய்வையும் விட்டுவிடுவதைத் தவிர வழியில்லை.

களத்தில் முன்னறிவிப்பைத் தூக்கி எறியவைக்கும் அறிகுறிகளும் உண்டு. அக்கம்பக்கத்தில் அன்றோ முந்தைய நாளோ இறங்கிய புதிய சரிவு. ஸ்கீ முனையிலிருந்து கண்ணாடி கீறுவதுபோல் ஓடும் விரிசல். 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் புதுப் பனி. திடீரென்று ஏறும் வெப்பம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஒலி: சமதளத்தில் நடக்கும்போது காலடியில் 'வூம்ப்' என்று அடங்கும் ஒலி. நலிந்த அடுக்கு நசுங்கி, அதிலிருந்த காற்று வெளியேறுகிறது. சமதளம் என்பதால் பாளம் நகரவில்லை. அதே ஒலி 35 டிகிரி சாய்வில் கேட்டிருந்தால் கேட்டவர் அதன் நடுவில் இருந்திருப்பார். இந்த ஒலியைக் கேட்ட பிறகும் செங்குத்தான சாய்வுக்குப் போவதற்கு எந்தக் காரணமும் போதாது.

கோணம்

பனியின் வலிமை பத்தடிக்குப் பத்தடி மாறுகிறது. அதை யாராலும் முழுதாக அளக்க முடியாது. சாய்வின் கோணத்தை அளக்கலாம். அதனால் முடிவெடுக்கும்போது முழு நம்பிக்கையையும் கோணத்தின்மேல்தான் வைக்கிறோம்.

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சாய்வுகளில் தொடங்குகின்றன. 38 டிகிரியைச் சுற்றி மிக அதிகம். வருத்தம் என்னவென்றால், சறுக்குவதற்கு மிகவும் பிடித்தமான கோணமும் அதுவேதான். 30-க்குக் கீழே, மேலேயும் பக்கத்திலும் செங்குத்தான சாய்வு எதுவும் இல்லாத இடத்தில், எந்தப் பருவத்திலும் பெரும்பாலான நாட்கள் நிம்மதியாகச் சறுக்கலாம்.

கண்ணால் கோணத்தை மதிப்பிடுவதில் எல்லோரும் தவறுவார்கள், பழகியவர்களும்கூட. ஸ்கீ கம்பைச் சாய்வின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் கோணமானியையோ கோணம் காட்டும் செயலியுள்ள போனையோ வைத்துப் பார்ப்பது பத்து நொடி வேலை. ஆனால் அளக்க அந்தச் சாய்வுக்குள் போக வேண்டியிருந்தால் அளவு தாமதமாகிவிட்டது. பக்கத்திலிருந்து, அல்லது அதே வடிவமுள்ள சிறு மேட்டில் அளக்க வேண்டும். வீட்டிலேயே வரைபடத்தில் பார்ப்பது இன்னும் நல்லது. 1:25,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு இருந்தால், 30 டிகிரிக்குக் கோடுகளின் இடைவெளி ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர். அதைவிட நெருங்கினால் சாய்வு 30-ஐத் தாண்டுகிறது. இணைய வரைபடங்களில் வண்ணம் பூசியே காட்டுகிறார்கள். இரண்டிலும் ஒரு குறை உண்டு: இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும் 15 மீட்டர் உயரச் செங்குத்தான இடத்தை அவை காட்டாது. ஒரு பாளம் உடைந்து ஒருவரைப் புதைக்க அந்த 15 மீட்டர் போதும்.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முண்டர் 1990-களில் முன்னறிவிப்பின் எண்ணையும் கோணத்தையும் இணைத்து ஒரு விதி தந்தார்: நிலை 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழே, 3 என்றால் 35-க்குக் கீழே, 4 என்றால் 30-க்குக் கீழே. கோணமாக எடுக்க வேண்டியது சாய்வின் சராசரியை அன்று, அதன் மிகச் செங்குத்தான பகுதியை. இது முரட்டுத்தனமான விதிதான். நிலைத்துநிற்கும் நலிந்த அடுக்கு இருக்கும் பருவத்தில் இதற்கும் கீழே இறங்க வேண்டும். ஆனாலும் பசியும் களைப்பும் ஆசையும் சேர்ந்து முடிவெடுக்கும் நேரத்தில், காலையிலேயே காகிதத்தில் எழுதிவைத்த ஓர் எண் பெரிய துணை.

கோணத்தோடு நிலத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். இடுப்பளவுப் பனி இறங்கும் சிறிய சரிவு, திறந்தவெளியில் முடிந்தால் புதைக்காமல் விட்டுவிடலாம். அதே சரிவு ஓடைப் பள்ளத்தில் முடிந்தால் மூன்று மீட்டர் ஆழத்தில் குவியும். மரங்களுக்குள் போனால் எலும்பை முறிக்கும். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், பனிச்சரிவில் இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மூச்சுத்திணறி அல்ல, அடிபட்டே இறந்திருந்தார். மேலே பார்ப்பதைப்போலவே கீழே பார்ப்பதும் பழக வேண்டிய கலை: இது இறங்கினால் என்னை எங்கே கொண்டுபோய்ப் போடும்?

தோண்டிப் பார்ப்பது பற்றி

பனிக்குழி தோண்டிச் செய்யும் சோதனைகளில் இன்று அதிகம் பயன்படுவது நீட்டித்த தூண் சோதனை. சாய்வுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு தூணை நான்கு பக்கமும் அறுத்துப் பிரிக்கிறார்கள். ஒரு முனையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. ஒரு தட்டில் தொடங்கிய விரிசல் அதே தட்டிலோ அடுத்ததிலோ தூணின் மறுமுனைவரை ஓடிவிட்டால், அந்தச் சாய்வும் அதைப்போன்ற மற்றவையும் அன்றைக்கு இல்லை.

மறுபக்கம் அவ்வளவு எளிதல்ல. விரிசல் ஓடவில்லை என்றால் 'இந்த இடத்தில் ஓடவில்லை' என்று மட்டுமே தெரிந்துகொண்டோம். பின்பக்கத்தை முழுதாக அறுக்காமல் விட்டால் முடிவு பொய்யாகிவிடும். நலிந்த அடுக்கு ஒரு மீட்டருக்கும் கீழே இருந்தால் தட்டு அதை எட்டவே எட்டாது. மரத்தடியிலோ காற்று அடித்த மேட்டிலோ தோண்டினால் சாய்வின் கதை வேறு, குழியின் கதை வேறு. எனவே குழியை 'வேண்டாம்' என்று சொல்லவைக்க மட்டும் பயன்படுத்துங்கள். 'போகலாம்' என்ற அனுமதிச் சீட்டாக ஒருபோதும் வேண்டாம்.

குழு

இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அலசினார். அவர் கண்டதில் மனத்தை உறுத்துவது ஒன்று: பழகிய இடத்தில், நல்ல பயிற்சி பெற்ற குழுக்களும் பயிற்சி குறைந்தவர்கள் அளவுக்கே ஆபத்துக்குள் போயிருந்தன. பலமுறை வந்த சாய்வு, முதலில் போனவரின் தடம், வேறு குழு முந்திவிடுமோ என்ற அவசரம், 'அவருக்குத் தெரியும்' என்று ஒருவர்மேல் போட்ட பாரம், வந்த திட்டத்தை மாற்ற மனமில்லாமை: தவறுகள் பெரும்பாலும் இங்கே பிறக்கின்றன.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு அருகே டன்னல் கிரீக்கில் 2012 பிப்ரவரி 19 அன்று இறங்கிய குழுவில் 16 பேர். அவர்களில் பலர் ஸ்கீயிங்கையே தொழிலாகக் கொண்டவர்கள். மூன்று பேர் இறந்தார்கள். பதினாறு பேர் கூடிய இடத்தில் தயக்கத்தை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது கூட்டத்தில் நின்ற யாருக்கும் புரியும். மூன்று முதல் ஐந்து பேர்வரை உள்ள குழு நல்லது. யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்றால் அதற்குக் காரணம் கேட்காமல் திரும்புவது என்று காலையில், பூட்ஸ் மாட்டும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு அந்தப் பேச்சு நடக்காது.

சந்தேகமுள்ள சாய்வில் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும். மற்றவர்கள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்; கடைசியாகத் தெரிந்த புள்ளியைச் சொல்லக்கூடிய சாட்சிதான் தேடுதலைப் பாதியாகக் குறைப்பவர். காத்து நிற்கும் இடம் சரிவு வந்தால் எட்டாத மேடாக இருக்க வேண்டும். சாய்வின் அடிவாரத்தில் கூடிநின்று நண்பர் இறங்குவதைப் படம் பிடிப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு. கம்புகளின் கைவாரைக் கழற்றிவிடுங்கள். சரிவில் சிக்கினால் கம்பும் ஸ்கீயும் நங்கூரமாகிக் கீழே இழுக்கும்.

பத்து நிமிடம்

முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது பத்தில் மூன்றாகச் சரிகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. பக்கத்தில் நிற்பவர்கள்தான் மீட்புக் குழு.

டிரான்ஸீவர் (சிக்னலை அனுப்பவும், புதைந்தவரின் சிக்னலைத் தேடவும் உதவும் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீண்ட கம்பி), மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றவை. டிரான்ஸீவர்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதால் எந்த நிறுவனத்துடையதும் மற்றதோடு பேசும். மூன்று ஆன்டெனா உள்ளதாக இருக்கட்டும். தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை அல்கலைன் பேட்டரி மட்டும். ரீசார்ஜ் பேட்டரியில் மீதமுள்ள சார்ஜைக் கருவி தவறாகக் காட்டும். மேலுடைக்கு உள்ளே வாரோடு கட்டிக்கொள்ள வேண்டும். போன், கேமரா, சூடேற்றும் கையுறை ஆகியவற்றை, டிரான்ஸீவர் ஒலிபரப்பும்போது அதிலிருந்து 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி வையுங்கள். அவை எழுப்பும் இரைச்சலில் இல்லாத ஆளைத் தேடி ஓட நேரும். புறப்படும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கடந்து நடந்து, கருவி ஒலிபரப்புகிறதா என்று சோதிக்காமல் ஒரு நாளும் கிளம்பக் கூடாது.

புரோப் 240 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மண்வெட்டியின் தகடு உலோகமாக இருக்க வேண்டும். நின்றுபோன சரிவின் பனி சிமென்ட்போல் இறுகிவிடும், பிளாஸ்டிக் அதில் உடையும்.

முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்றுப்பை, கைப்பிடியை இழுத்தால் ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளளவில் விரிந்து, நகரும் துகள்களுக்கிடையே பெரிய பொருட்கள் மேலே வரும் விதியால் ஆளை மேற்பரப்பில் வைக்க உதவுகிறது. 2014-இல் வெளியான ஆய்வில், மோசமாகச் சிக்கியவர்களின் இறப்பு விகிதம் விரிந்த பையால் 22 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை. பெரும்பாலும் இழுக்க வேண்டிய கை இழுக்காததால். கைப்பிடியை வெளியே எடுக்காமலும் தொடைவாரைப் பூட்டாமலும் சாய்வில் இறங்குபவருக்கு அந்தப் பை வெறும் சுமை. மரங்களுக்கும் பாறைகளுக்கும் எதிராக அது எதுவும் செய்யாது.

சிக்கினால் கத்துங்கள், பையை விரியுங்கள், ஓரம் நோக்கிப் போராடுங்கள். வேகம் குறைவதை உணர்ந்ததும் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். நின்ற பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது.

மேலே இருப்பவர்கள் முதலில் அடுத்த சரிவு வருமா என்று பார்க்க வேண்டும். பிறகு எல்லோருடைய கருவியும் தேடும் நிலைக்கு. ஆட்களை எண்ணிப் பார்த்து, கடைசியாகத் தெரிந்த புள்ளியிலிருந்து கீழே, 40 மீட்டர் அகலப் பட்டைகளாக, கண்ணாலும் தேடியபடி இறங்க வேண்டும். கையுறையோ ஸ்கீ முனையோ வெளியே தெரியலாம். சிக்னல் கிடைத்ததும் அம்புக்குறி காட்டும் வழியில் போக வேண்டும். கருவி மீட்டரில் காட்டும் தூரத்தின் எண் 3-ஐத் தொட்டதும் வேகம் அடங்க வேண்டும். இங்கேதான் பதற்றம் நிமிடங்களைத் தின்னும். கருவியைப் பனியைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, திசை திருப்பாமல் நேர்கோட்டில் நகர்த்தி, எண் மிகக் குறையும் புள்ளியைக் கண்டு, அங்கிருந்து குறுக்காகவும் அதையே செய்யுங்கள். எண் சுழிக்கு வராது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருப்பவருக்கு அது 1.5-ஐ ஒட்டியே நிற்கும். அதற்காகச் சுற்றிச் சுற்றி வர வேண்டாம்.

குறைந்த புள்ளியிலிருந்து புரோப்பைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாகக் குத்த வேண்டும். ஆள் மேல் பட்டால் கை உணரும். தரைபோல் அடிக்காது, மெத்தென்று திருப்பித் தள்ளும். பட்ட கம்பியை எடுக்கக் கூடாது.

தோண்டுவதில்தான் அதிக நேரம் போகிறது, பயிற்சியில் மிகக் குறைவாகச் செய்வதும் இதைத்தான். ஒரு மீட்டர் ஆழத்துக்கே ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டும். கம்பிக்கு நேர்மேலே தோண்டினால் குழி ஆழமாகி, பனியை மேலே தூக்கி எறிய வேண்டி வரும். புதைந்தவரின் மூச்சு வெளிக்கு மேல் நின்று அமுக்கவும் செய்வோம். கம்பியில் தெரியும் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ச்சாய்வில் தள்ளி நின்று, பக்கவாட்டில் அவரை நோக்கி வெட்டிப் போக வேண்டும். முன்னால் ஒருவர் கட்டியாக அறுக்க, பின்னால் உள்ளவர்கள் படகுத் துடுப்பு வலிப்பதுபோல் பனியைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும், தூக்க வேண்டாம். முன்னால் இருப்பவர் களைத்துப்போகும் முன்பே, ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை, இடம் மாறிக்கொள்ளுங்கள்.

உடலில் எந்தப் பகுதி தெரிந்தாலும் அடுத்த இலக்கு முகம். முகத்துக்கு முன்னால் காற்றிடம் இருந்ததா, வாயும் மூக்கும் பனியால் அடைபட்டிருந்ததா என்று பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. வாயைச் சுத்தம் செய்து, மார்பின்மேல் உள்ள பனியை விலக்குங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்துவதோடு நிற்காமல் செயற்கைச் சுவாசமும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இதயம் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சுத்திணறல். ஒரு மணி நேரத்துக்கு மேல் புதைந்திருந்து, மூச்சுப் பாதை அடைபடாமல், உடல் மிகக் குளிர்ந்து கிடப்பவரைப் படுத்த நிலையிலேயே, குலுக்காமல் கையாளுங்கள். அப்படிப்பட்டவர்கள் மருத்துவமனையில் இரத்தத்தைச் சூடாக்கும் சிகிச்சைக்குப் பிறகு பிழைத்திருக்கிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்று மலையில் நிற்பவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.